புதினா தூதரகம்

டூரின் நகரத்துப் பெரிய சந்தையில் முக்தாரின் கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. நாலு மரப்பெட்டி, ஒரு குடை, ஒரு ஈரச்சாக்கு, சாக்கின்மேல் புதினாவும் கொத்தமல்லியும். அவ்வளவுதான் கடை. ஆனால் அந்தச் சந்தையில் எந்த மொராக்கோக்காரரிடமும் "தூதரகம் எங்கே?" என்று கேட்டால் ஊருக்குள் இருக்கிற நிஜத் தூதரகத்தைக் காட்டமாட்டார்கள். முக்தாரின் குடையைத்தான் காட்டுவார்கள்.

கைரேகை வைக்க எப்போது கூப்பிடுவார்கள், குடியிருப்பு அட்டையைப் புதுப்பிக்க என்னென்ன காகிதம் வேண்டும், மனைவியை ஊரிலிருந்து அழைத்துவர வீடு எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும், எல்லாவற்றுக்கும் முக்தாரிடம் பதில் உண்டு. புதினாக் கட்டுக்கு நூல் சுற்றிக்கொண்டே சொல்வார். வந்த புதிதில் தான் பட்ட பாட்டை இடையிடையே சேர்த்துக்கொள்வார். பல நேரம் சரியாகவே இருக்கும். இருபத்தாறு வருஷத்தில் 'தெரியாது' என்று அவர் வாயிலிருந்து ஒரு சொல் வந்து யாரும் கேட்டதில்லை. அது ஒரு நோய் என்றுகூடச் சொல்லலாம். ஊரில் பாதிப்பேருக்கு இருக்கிற நோய்தான். இவருக்குக் கொஞ்சம் முற்றிவிட்டது.

ஜூன் மாதத்தில் ஒரு நாள் அவருடைய மச்சினி இப்திஸாம் கடைக்கு ஓடிவந்தாள். இருபத்தைந்து வயது. படிப்பதற்கான அட்டையோடு டூரினுக்கு வந்து, மருத்துவக் கருவிப் பொறியியலில் மூன்று வருஷம் முடித்திருந்தாள். ஊரில் அவளுடைய அப்பாவுக்கு ஒரு கால் இல்லை. லாரி ஏறிப் போனது. ஊர்த் தச்சர் செய்துகொடுத்த மரக்காலைக் கட்டிக்கொண்டு அவர் படுகிற வேதனையைப் பார்த்துத்தான் இவள் இந்தப் பக்கமே வந்தாள். இப்போது பிரான்சில், லியோன் நகரத்தில், செயற்கைக் கைகால் செய்யச் சொல்லித்தரும் கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டது. மொத்தமே பதினெட்டு இடம்.

"அத்தான், இங்க பாருங்க, விசான்னு போட்டிருக்கு. நான் இத்தாலி அட்டை வச்சிருக்கேனே, எனக்கும் வேணுமா?"

முக்தார் கையைச் சாக்கில் துடைத்துக்கொண்டு கடிதத்தை வாங்கினார். வாங்கி, அவள் காட்டிய வரிமேலேயே கட்டைவிரலை வைத்துக்கொண்டார்.

"இது ஊர்லேருந்து நேரா வர்றவங்களுக்கு. நமக்கில்ல. நாம ஐரோப்பாவுக்குள்ள இருக்கோம்மா. நான் லியோன்ல பத்து மாசம் ரொட்டி சுடுற படிப்பு படிச்சேனே, விசா வாங்கியா போனேன்? இந்த அட்டையைப் பையில போட்டேன், பஸ் ஏறினேன். போய் மூணு மாசத்துக்குள்ள அங்க இருக்கிற அலுவலகத்துல எழுதிக் குடுத்தேன். அட்டை குடுத்தான். முடிஞ்சுது கதை."

பக்கத்தில் ஒலிவக்காய் விற்கிற புஷைப் உடனே ஒத்து ஊதினான். "அண்ணன் சொன்னா சரிதான்! தூதரே சொல்லிட்டாரு, அப்புறம் என்ன?"

இப்திஸாம் சிரித்துக்கொண்டே போனாள். ஜூலை போனது. ஆகஸ்ட் போனது.

*

ஆகஸ்ட் கடைசிச் சனிக்கிழமை. மறுநாள் காலை இப்திஸாமுக்கு லியோன் பஸ். திங்கட்கிழமை வகுப்பு. சந்தையில் முக்தாருக்குத் தலைகால் புரியவில்லை. புதினா வாங்கவந்த எல்லாரிடமும் மச்சினி பெருமைதான். வாரம் தவறாமல் இரண்டு கட்டு வாங்கும் ஓர்நெல்லாவிடமும் சொன்னார். அந்த அம்மாள் தொழிற்சங்க உதவி மையத்தில் வெளிநாட்டவர் காகிதங்களைப் பூர்த்தி செய்து தருபவர். நாற்பது வருஷமாக அதே வேலை.

"சந்தோஷம் முக்தார். விசா எப்போ வந்துச்சு?"

"விசாவா? அவகிட்ட அட்டை இருக்கு மேடம்."

"எந்த அட்டை? படிப்பு அட்டையா, உங்களுது மாதிரி நிரந்தர அட்டையா?"

"அட்டைன்னா அட்டைதானே."

ஓர்நெல்லா புதினாவைப் பைக்குள் வைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு அவரைப் பார்த்தார்.

"இல்ல முக்தார். உங்களுது நீண்ட நாள் குடியிருப்பவங்களுக்கு ஐரோப்பா முழுக்கச் செல்லுற அட்டை. அதனாலதான் லியோன்ல விசா கேட்கல. அவளுது இத்தாலியில படிக்க மட்டும் குடுத்தது. அதை வச்சு அங்க சும்மா போயிட்டு வரலாம், மூணு மாசம் சுத்திப் பார்க்கலாம். படிக்க உக்காரணும்னா பிரான்ஸ் தூதரகத்துல விசா வாங்கிட்டுத்தான் போகணும். அங்க போனபிறகு கேட்டா குடுக்கமாட்டாங்க. ரெண்டு கல்லூரிக்கும் ஒப்பந்தம் இருந்து இவங்களே அனுப்பினா வேற கதை. இவ தானாத்தானே சேர்றா?"

"ஆமா."

"அவ அட்டை எப்போ முடியுது?"

"அக்டோபர்."

"இங்க படிப்பு இல்லைன்னா யார் புதுப்பிச்சுக் குடுப்பாங்க? அங்கயும் இல்லாம இங்கயும் இல்லாம நடுத்தெருவுல நிக்கப்போறா அந்தப் பொண்ணு. நாளைக்கு அவளை அனுப்பாதீங்க. திங்கட்கிழமை காலையில என்கிட்ட கூட்டிட்டு வாங்க. கல்லூரிக்கு எழுதிக் கேட்போம்."

ஓர்நெல்லா போய்விட்டார். அந்த அம்மாளுக்கு வயசாகிவிட்டது, சட்டம் மாறியது தெரியாது என்று முக்தார் தனக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். நம்ப முடியவில்லை. அடுத்து வந்த ஆளுக்குப் புதினாவுக்குப் பதில் கொத்தமல்லியைக் கட்டிக்கொடுத்தார்.

*

வீட்டில் விருந்து. முக்தாரின் மனைவி நஜியா காலையிலிருந்து நின்ற காலில் நின்று, மத்தி மீனை மசாலா அடைத்துப் பொரித்திருந்தாள். மடித்துச் சுட்ட ரொட்டியை அடுக்கியிருந்தாள். தங்கையின் இரண்டு பெட்டிகளும் வாசலில். அறையைக் காலி செய்து சாவியைக் கொடுத்தாயிற்று. மாலைநேரம் வேலை பார்த்த மருந்துக்கடையிலும் சொல்லிவிட்டு வந்துவிட்டாள். புஷைப் வாய் நிறைய மீனோடு பேசிக்கொண்டிருந்தான்.

"என் சித்தப்பா பையன் ஒருத்தன் விசாவுக்கு ரெண்டு மாசம் அலைஞ்சான். அண்ணன் பாரு, ஒரே வார்த்தையில முடிச்சிட்டாரு!"

"அத்தான் இல்லைன்னா நான் பயந்துட்டே ஜூலை முழுக்க அந்த வரிசையில நின்னிருப்பேன்" என்றாள் இப்திஸாம். சொல்லிவிட்டுத் தன் கையால் அவருக்குத் தேநீர் ஊற்றினாள்.

முக்தார் சொல்ல வாயெடுத்தார். தேநீரை வாங்கி ஒரு மிடறு குடித்தார். இரண்டாவது தரம் எடுத்தார். அதற்குள் ஊரிலிருந்து மாமனார் தொலைபேசியில் வந்துவிட்டார். ஒற்றைக்காலோடு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, "முக்தாரு, நீ நல்லாயிருக்கணும்டா" என்று திரையில் கையைத் தூக்கினார். அதற்குமேல் என்ன பேசுவது?

எல்லாரும் கூடத்தில் இருந்தபோது அவர் நடைவழிக்குப் போனார். வாசற்கொக்கியில் மாட்டியிருந்த இப்திஸாமின் கைப்பையிலிருந்து அவளுடைய அட்டையை எடுத்தார். சட்டைப்பையிலிருந்து தன் அட்டையை எடுத்தார். குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு விளக்கடியில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

முக்தாருக்குப் படிக்கத் தெரியாது. ஊரில் இரண்டாம் வகுப்போடு ஆடு மேய்க்கப் போனவர். இத்தாலிய மொழியையும் பிரெஞ்சையும் காதால் பிடித்து, வாயால் வளர்த்துக்கொண்டவர். எண்கள் தெரியும், எழுத்துகள் அவருக்குப் படங்கள்தான். லியோனில் அவருடைய காகிதங்களையெல்லாம் கூடத் தங்கியிருந்த ஒரு துனீசியாக்காரன் எழுதிக்கொடுத்தான். இது நஜியா ஒருத்திக்குத்தான் தெரியும். அவளும் கல்யாணமாகி ஆறாவது மாதம்தான் கண்டுபிடித்தாள். வெளியே மூச்சுவிட்டதில்லை.

அவர் படத்துக்குப் படம் ஒப்பிட்டுப் பார்த்தார். அதே நிறம், அதே அளவு, அதே முத்திரை. ஆனால் தன்னுடையதில் ஒரு நீளமான வரி ஓடிய இடத்தில் அவளுடையதில் ஆறே எழுத்து. அவளுடையதில் முடிகிற தேதி எண்ணில் இருந்தது. தன்னுடையதில் அந்த இடத்தில் எண்ணே இல்லை. ஒரு சொல்தான் இருந்தது. பதினாறு வருஷமாகச் சட்டைப்பையில் கிடந்த அட்டை. அந்த இடத்தில் ஏன் எண் இல்லை என்று ஒருநாள்கூட அவர் யோசித்ததில்லை.

வெளியே வந்தபோது இப்திஸாம் எதிரே நின்றாள். "என் அட்டை எதுக்கு அத்தான்?"

"அழுக்கா இருந்துச்சு. துடைச்சேன்."

"நல்ல அத்தான்!" என்று வாங்கிக்கொண்டாள்.

*

ஞாயிற்றுக்கிழமை காலை அவளை அவர்தான் பஸ் நிலையத்துக்குக் கூட்டிப்போனார். வண்டி முழுக்கப் புதினா வாசம். தினமும் போகிற பாதையில் இரண்டு இடத்தில் தப்பாகத் திரும்பினார்.

"உங்களுக்கென்ன, அழுகை வருதா?" என்று இப்திஸாம் கிண்டல் செய்தாள்.

சொல்லிவிடு, சொல்லிவிடு என்று ஒரு பக்கம் அடித்துக்கொண்டது. இன்னொரு பக்கம் வேறு கணக்குப் போட்டது. அனுப்பிவிடலாம். அங்கே இரக்கமுள்ள அதிகாரி யாராவது இருக்கமாட்டானா? மூன்று மாசத்துக்குப் பிறகு மறுத்தால், 'சட்டம் மாறிடுச்சு, நான் என்ன செய்ய' என்று பூசி மெழுகிவிடலாம். யாரும் இவரைக் குறை சொல்லமாட்டார்கள். புஷைப்பே இவருக்காகச் சட்டத்தைத் திட்டுவான். நினைக்கவே வெட்கமாக இருந்தது, ஆனாலும் நினைத்தார்.

பஸ் ஓட்டுநர் வாசலில் நின்று ஒவ்வொருவர் கடவுச்சீட்டையும் அட்டையையும் பார்த்து ஏற்றினார். இப்திஸாமுடையதைப் பார்த்தார். "சரி, ஏறு" என்றார். அவ்வளவுதான். பார்த்தாயா, ஒன்றும் இல்லை என்று முக்தாரின் மனது துள்ளியது. பெட்டிகள் அடியில் போயின. அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து கையசைத்தாள். கதவு மூடியது. பஸ் உறுமியது.

முக்தார் பஸ்ஸுக்கு முன்னால் போய் நின்றார்.

ஓட்டுநர் ஒலியெழுப்பினார். அவர் நகரவில்லை. ஓட்டுநர் கதவைத் திறந்துகொண்டு கத்தினார். "யோவ், சாகணுமா உனக்கு?"

"என் பொண்ணு உள்ள இருக்கா. ரெண்டு நிமிஷம்!"

மச்சினி என்று சொல்ல வரவில்லை. இப்திஸாம் முகம் வெளிறி இறங்கிவந்தாள். அக்காவுக்கு என்னவோ ஆகிவிட்டது என்றுதான் நினைத்தாள்.

"போகாத. அந்த அட்டையை வச்சு அங்க படிக்க முடியாது. விசா வேணும். என் அட்டை வேற, உன் அட்டை வேற. நேத்து ஓர்நெல்லா மேடம் சொன்னாங்க."

"நேத்தா?"

"நேத்து."

"நேத்து எப்போ?"

"காலையில. கடையில."

அவள் அவரையே பார்த்தாள். பஸ்ஸுக்குள் இருந்தவர்கள் எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள்.

"ஜூன்ல உங்ககிட்ட கடிதத்தைக் குடுத்தேனே. அதுல எழுதியிருந்துச்சே! விரலை மேல வச்சிட்டு நமக்கில்லைன்னு சொன்னீங்களே!"

"எனக்கு அதைப் படிக்கத் தெரியலை."

"பிரெஞ்சுதானே, நீங்கதான் நல்லாப் பேசுவீங்களே..."

"பிரெஞ்சு இல்லம்மா. எதுவுமே. எனக்குப் படிக்கவே தெரியாது. அரபிகூட."

ஓட்டுநர் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். "ஏறுறியா, பெட்டியை இறக்கட்டுமா?"

இப்திஸாம் பஸ்ஸைப் பார்த்தாள். திங்கட்கிழமை வகுப்பு, பதினெட்டு இடம், அப்பாவின் நாற்காலி. எல்லாம் அந்தத் திறந்த கதவுக்குள் இருந்தது. "இறக்குங்க" என்றாள். குரல் உடைந்து அழுகை வந்துவிட்டது. முக்தார் பெட்டியைத் தூக்கப்போனார். "தொடாதீங்க" என்றாள். தானே இரண்டையும் இழுத்துக்கொண்டு வண்டிக்கு நடந்தாள்.

*

பிறகு மூன்று வாரம். அந்த மூன்று வாரத்தில் முக்தார் ஐந்து கிலோ இளைத்தார் என்று புஷைப் சொல்வான். அவன் எதையும் கூட்டித்தான் சொல்வான். ஓர்நெல்லா கல்லூரிக்கு எழுதினார். செப்டம்பர் இருபத்து மூன்று வரை இடத்தை வைத்திருப்போம், அதற்குமேல் காத்திருப்பவர்களுக்குப் போய்விடும் என்று பதில் வந்தது. மிலானில் விசா விண்ணப்பம் கொடுக்க நாள் கிடைக்கவில்லை. இப்திஸாம் கணினியைத் திறந்துவைத்துக்கொண்டு பகல் முழுக்கப் பார்த்தபடி இருந்தாள். மூன்றாவது நாள் மத்தியானம் யாரோ ஒருவர் ரத்து செய்த இடம் தட்டுப்பட்டது. மறுநாளே போகவேண்டும்.

அவள் முக்தாரோடு பேசவில்லை. பேசவேண்டியதை அக்கா மூலமாகச் சொன்னாள். "மிலானுக்கு வண்டி ஓட்டச் சொல்லு. ஆனா வாயைத் திறக்கக்கூடாதுன்னு சொல்லு."

"அவரு பேசாம மிலான் வரைக்கும் போனா வெடிச்சிடுவாருடி" என்றாள் நஜியா.

"வெடிக்கட்டும்."

முக்தார் வெடிக்கவில்லை. போகும்போதும் வாயைத் திறக்கவில்லை, வரும்போதும் திறக்கவில்லை. காத்திருக்கும் கூடத்தில் முன்வரிசையில் ஒரு மொராக்கோக்காரர் பக்கத்திலிருந்தவரிடம், "அட்டை இருந்தா விசா எதுக்கு? அங்க போய்க் கேட்டா குடுக்கிறான்" என்று அளந்துகொண்டிருந்தார். முக்தாருக்கு எழுந்துபோய் அந்த ஆளின் கழுத்தைப் பிடிக்கவேண்டும்போல இருந்தது. இப்திஸாம் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் கையைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தே இருந்தார்.

காகிதங்களை வாங்கிக்கொண்டார்கள். கடவுச்சீட்டு உள்ளே போய்விட்டது. பதினைந்து நாள் ஆகலாம், கூடவும் ஆகலாம் என்றார்கள். பத்தாம் தேதி ஒன்றும் வரவில்லை. பதினைந்தாம் தேதி ஒன்றும் வரவில்லை. நஜியா வீட்டில் அந்தப் பேச்சையே எடுக்கக்கூடாது என்று சட்டம் போட்டாள். முதலில் மீறியதும் அவள்தான். பதினெட்டாம் தேதி இப்திஸாம் ஊருக்குத் திரும்பும் விமானம் பார்க்க ஆரம்பித்தாள். அதை முக்தார் சமையலறை வாசலிலிருந்து பார்த்துவிட்டுக் கடைக்குப் போனார். அன்றைக்கு முதல்முறையாகச் சந்தையில் யாரோ ஒருவர் தன் மருமகனின் அட்டையைப் பற்றிக் கேட்டபோது, "எனக்குத் தெரியாது. ஓர்நெல்லா மேடத்துகிட்ட போ" என்றார். புஷைப்பின் கையிலிருந்த ஒலிவக்காய்க் கரண்டி நின்றுவிட்டது.

"அண்ணே, உடம்பு சரியில்லையா?"

"உடம்பு சரியாத்தான் இருக்கு. எனக்குப் படிக்கத் தெரியாதுடா, புஷைப்."

"விளையாடாதீங்கண்ணே."

"அந்தப் பெட்டியில என்ன எழுதியிருக்குன்னு கேளு. சொல்லமாட்டேன்."

புஷைப் பெட்டியையும் அவரையும் மாறிமாறிப் பார்த்தான். பிறகு, இருபது வருஷப் பழக்கத்தில் முதல்முறையாக, ஒன்றும் சொல்லாமல் திரும்பிக்கொண்டான்.

இருபதாம் தேதி வெள்ளிக்கிழமை காலை கூரியர்காரர் ஒரு உறை கொண்டுவந்தார். இப்திஸாம் நின்றபடியே கிழித்தாள். கடவுச்சீட்டின் நடுப்பக்கத்தில் விசா ஒட்டியிருந்தது. அவள் உடனே கத்தவில்லை. பெயர், பிறந்த தேதி, தொடங்கும் நாள், முடியும் நாள், மாணவர் என்ற சொல், அடியில் இருந்த சின்ன எழுத்து, எல்லாவற்றையும் முதலிலிருந்து கடைசிவரை சத்தமாகப் படித்தாள். பிறகு இன்னொரு தரம் படித்தாள். அப்புறம்தான் அக்காவைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

ஞாயிற்றுக்கிழமை அதே பஸ், அதே ஓட்டுநர். "இன்னைக்கும் முன்னால வந்து நிப்பியா?" என்று முக்தாரிடம் கேட்டார். முக்தார் ஓரமாக, தூணுக்குப் பக்கத்தில் போய் நின்றார். இப்திஸாம் ஏறினாள். ஜன்னலிலிருந்து அக்காவுக்குக் கையசைத்தாள். பஸ் போய்விட்டது. நஜியா வீட்டுக்குப் போனாள். இவர் மனசு கேட்காமல் சந்தைக்குப் போனார். ஞாயிறு சந்தை கிடையாது. மூடிக்கிடந்த கடைகளுக்கு நடுவே தன் காலிப் பெட்டியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்தார். மலைச் சுரங்கப்பாதை வாசலில் பிரான்ஸ் போலீஸ் பஸ்ஸை நிறுத்தும். எத்தனை மணிக்கு அங்கே போய்ச்சேரும் என்று அவருக்கு மனப்பாடம். அந்த நேரம் வந்தது, போனது. தொலைபேசி அடிக்கவில்லை. அவளுக்கு ஏதாவது என்றால் நஜியாவுக்குத்தான் அடிப்பாள். தனக்கு ஏன் அடிக்கப்போகிறாள் என்று நினைத்துக்கொண்டார்.

அடித்தது. இப்திஸாம்தான்.

"போலீஸ் ஏறினாங்க."

அவர் எழுந்து நின்றுவிட்டார். "என்ன சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லல, அத்தான். படிச்சாங்க. கடைசி வரைக்கும் படிச்சாங்க. படிச்சிட்டுக் கையில குடுத்துட்டாங்க."

மூன்று வாரத்துக்குப் பிறகு அவள் வாயில் 'அத்தான்' என்ற சொல் வந்திருந்தது. முக்தார் தொலைபேசியைக் காதிலேயே வைத்துக்கொண்டு அந்த வெறுஞ்சந்தையில் நின்றார். அவளும் வைக்கவில்லை.